உயர்நீதிமன்றம் இல்லாத தலைநகரின் பாரிஸ்டர்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று அறிவித்தார். ஆனால் தலைநகரான அந்த ஊருக்கு ஒரு சட்டமன்றமோ உயர்நீதிமன்றமோ சொந்தமாகக் கிடைக்கவில்லை. 1912 அக்டோபர் 1 முதல் தில்லி பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டுத் தலைமை ஆணையர் மாகாணமாக, அதாவது ஆளுநரும் மாகாணச் சட்டசபையும் இல்லாமல் வைஸ்ராயின் அரசு நியமிக்கும் ஓர் அதிகாரியே நேராக ஆளும் சிறு நிலப்பகுதியாக, அமைக்கப்பட்டது. சென்னையிலோ கல்கத்தாவிலோ பம்பாயிலோ வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி அரசியலுக்கு வந்தவர்களுக்கு இருந்த இரண்டு மேடைகளும், உயர்நீதிமன்றமும் மாகாணச் சட்டசபையும், தில்லிக்காரருக்கு இல்லை. பாரிஸ்டர் ஆசஃப் அலியின் (1888–1953) வாழ்க்கையை இந்தக் குறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் போக்கு விளங்குகிறது. பகத்சிங் வழக்கில் வாதாடியவர் என்றும் அருணா ஆசஃப் அலியின் கணவர் என்றும் மட்டும் அவரை அறிந்திருப்பவர்களுக்கு, அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஊரின் அரசியல் உரிமைக் குறையை எவ்வாறு ஈடுசெய்து வந்தார் என்பது கண்ணில் படுவதில்லை.

இந்தக் குறையின் வேர் 1857-இல் இருக்கிறது. எழுச்சி அடக்கப்பட்ட பின், 1858 ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை, செங்கோட்டையின் திவானிகாஸ் மண்டபத்தில் இராணுவ ஆணையம் ஒன்று முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை விசாரித்தது. தன் மாளிகைக்குள்ளேயே குற்றவாளியாக நிறுத்தப்பட்ட அந்த முதிய மன்னருக்குத் துணையாகக் குலாம் அப்பாஸ் என்ற வக்கீல் ஒருவர் இருந்தார். மன்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். தில்லி பஞ்சாபோடு இணைக்கப்பட்டது. அன்றைய பஞ்சாப் 'ஒழுங்குமுறைச் சட்டங்களுக்கு உட்படாத மாகாணம்' என்னும் வகையைச் சேர்ந்தது. வரி வசூலும் காவலும் நீதியும் பெரும்பாலும் ஒரே அதிகாரியின் கையில் இருக்கும் ஆட்சிமுறை அது. 1866-இல் லாகூரில் ஏற்பட்ட தலைமை நீதிமன்றமும், 1919-இல் அதன் இடத்தில் வந்த லாகூர் உயர்நீதிமன்றமும்தான் தில்லி வழக்குகளின் மேல்முறையீட்டு இடங்கள். தலைநகரான பின்னும் அந்நிலை மாறவில்லை. தில்லியில் தண்டிக்கப்பட்டவன் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வேறொரு மாகாணத்தின் தலைநகரில்தான் தன் முறையீட்டை வைக்க வேண்டியிருந்தது.

சட்டம் இயற்றும் முறையிலும் இதே நிலைதான். 1912-ஆம் ஆண்டின் தில்லிச் சட்டங்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பிரிட்டிஷ் இந்தியாவின் எந்தப் பகுதியில் நடைமுறையில் உள்ள சட்டத்தையும், தேவையென்று கருதும் மாற்றங்களோடு, ஓர் அறிவிப்பின் மூலமே தில்லிக்கு நீட்டிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. வங்காளத்திலோ ஐக்கிய மாகாணத்திலோ வேறு காரணத்துக்காக இயற்றப்பட்ட சட்டம், தில்லி மக்களின் பிரதிநிதி ஒருவரும் அதைப் பற்றிப் பேசாமலேயே, அரசிதழில் ஒரு பக்கம் அச்சானதும் தில்லியின் சட்டமாகிவிடும். மேல்முறையீடு லாகூரில் இருந்ததன் விளைவை உணர்த்த ஒரு வழக்கு போதும். 1912 டிசம்பர் 23 அன்று சாந்தினி சௌக்கில் யானைமேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த தில்லிச் சதி வழக்கில், இளைஞர் பசந்த குமார் விஸ்வாசுக்குத் தில்லி செஷன்ஸ் நீதிமன்றம் விதித்தது ஆயுள் தண்டனை; லாகூர் தலைமை நீதிமன்றம் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட அமீர் சந்த், அவத் பிகாரி, பால் முகுந்த் மூவரும் 1915 மே 8 அன்று தில்லிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி இன்று இருப்பது அந்தச் சிறை இருந்த இடத்தில்தான்.

இத்தகைய அரைகுறை உரிமை நிலை உலகில் தில்லிக்கு மட்டும் வாய்த்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கே விரிந்துகொண்டிருந்த காலத்தில், 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு ஆணையின்படி, புதிதாகக் குடியேறிய நிலப்பகுதிகள் மத்திய அரசு நியமித்த ஆளுநராலும் நீதிபதிகளாலும் ஆளப்பட்டன. வயதுவந்த சுதந்திர ஆண்கள் ஐயாயிரம் பேர் சேர்ந்த பிறகே பிரதிநிதிகள் சபை கிடைத்தது. அப்போதும் நாட்டின் காங்கிரசுக்கு அனுப்பப்பட்ட பிரதிநிதிக்குப் பேச உரிமை உண்டு, வாக்கு இல்லை. இந்த எல்லைப்புறப் பகுதிகளிலும், அவற்றிலிருந்து பிறந்த இளம் மாநிலங்களிலும், ஊர் ஊராகச் சுற்றிய வழக்கறிஞர்களே அரசியல்வாதிகளாயினர். 1836-இல் வழக்காடும் உரிமை பெற்று இலினாயின் சுற்று நீதிமன்றங்களில் அலைந்த ஆபிரகாம் லிங்கன் அவர்களுள் புகழ்பெற்றவர். அமைப்புகள் முளைவிடாத இடத்தில் வழக்குமன்றமே ஊர்ச்சபையின் வேலையையும் செய்கிறது. தில்லி குடியேற்றப் பகுதி அன்று, பழம்பெரும் நகரம். எனினும் உரிமைகளைப் பொறுத்தவரை அது 1858 முதல் ஓர் எல்லைப்புறமாகவே வைக்கப்பட்டிருந்தது.

ஆசஃப் அலி 1888 மே 11 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் பகுதியைச் சேர்ந்த சியோஹாராவில் பிறந்தார். தில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் படித்தார்; 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏற்படும் வரை அக்கல்லூரியும் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பின் லண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் வழக்கறிஞர் சங்கத்தின் வழியே பாரிஸ்டரானார். முதல் உலகப் போரில் துருக்கிக்கு எதிராக பிரிட்டன் இறங்கியது இந்திய முஸ்லிம்கள் பலரைப் போல அவரையும் வருத்தியது. 1914 இறுதியில் தாயகம் திரும்பியதும் தேசிய அரசியலில் ஈடுபட்டார். அன்று தில்லியில் வழக்காடியோர் பல படியினர்: வருவாய் அலுவலகங்களிலும் கீழ் நீதிமன்றங்களிலும் கட்சிக்காரரின் முகவராக மனு எழுதி ஆஜராகும் முக்தார், அவருக்கு மேல் வக்கீலும் பிளீடரும், எல்லோருக்கும் மேலே இங்கிலாந்தில் பட்டம்பெற்ற பாரிஸ்டர். கீழ் நீதிமன்றங்களின் மொழி உருது. ஆசஃப் அலி உருதுவிலும் ஆங்கிலத்திலும் ஒரே சரளத்தோடு பேசவும் எழுதவும் கூடியவர்.

இங்கே சென்னையோடு ஓர் ஒப்பீடு தமிழ் வாசகருக்கு உதவும். 1862-இல் ஏற்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தைச் சுற்றி ஒரு வழக்கறிஞர் வர்க்கமே வளர்ந்து, காங்கிரஸ் அரசியலை ஏறத்தாழ முழுவதும் தன் கையில் வைத்திருந்தது. தில்லியில் அத்தகைய வர்க்கம் வளர இடமே இருக்கவில்லை. பெரிய வழக்குகளும் பெரிய கட்டணங்களும் லாகூருக்குப் போய்விட்டன. ஆகவே 1919-இன் ரௌலட் சட்ட எதிர்ப்புக் காலத்தில் தில்லியை வழிநடத்தியவர்கள் யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான், மேலை மருத்துவம் கற்ற டாக்டர் எம். ஏ. அன்சாரி, ஆரிய சமாஜத் துறவி சுவாமி சிரத்தானந்தர் போன்றவர்கள். மருத்துவரின் திண்ணையும் மசூதியின் முற்றமும்தான் அரசியல் மேடைகள். சிரத்தானந்தர் ஜாமா மசூதியில் நின்று இரு சமயத்தாரிடமும் பேசியது அந்நாளில்தான். அஜ்மல் கான் 1927 இறுதியிலும் அன்சாரி 1936-இலும் மறைந்தார்கள். அந்த வெற்றிடம் உருவாகிவந்த ஆண்டுகளில்தான் வழக்கறிஞர் ஒருவர் தில்லியின் முகமாக எழுந்தார் என்பது காலவரிசையில் தெளிவாகத் தெரிகிறது.

அவரை நாடறியச் செய்தது 1929-ஆம் ஆண்டு. ஏப்ரல் 8 அன்று, மத்திய சட்டசபையில் பொதுப் பாதுகாப்பு மசோதா பற்றி அவைத்தலைவர் விட்டல்பாய் பட்டேல் தம் தீர்ப்பைச் சொல்லவிருந்த வேளையில், பார்வையாளர் மாடத்திலிருந்து பகத்சிங்கும் படுகேஸ்வர தத்தும் இரண்டு குண்டுகளை வீசித் துண்டறிக்கைகளை இறைத்தனர். தப்பியோட முயலாமல் நின்ற இடத்திலேயே கைதாயினர். நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் உட்படச் சிலருக்குக் காயம் ஏற்பட்டது, யாரும் இறக்கவில்லை. மே மாதம் தொடக்க விசாரணை ஒரு மாஜிஸ்டிரேட் முன், தில்லிச் சிறைக்குள்ளேயே நடந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அமீர் சந்தையும் தோழர்களையும் தூக்கிலிட்ட அதே சிறை. பின் வழக்கு செஷன்ஸ் நீதிபதி லெனார்ட் மிடில்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசஃப் அலி முறைப்படி தத்தின் வழக்கறிஞராக ஆஜரானார். பகத்சிங் தம் வழக்கைத் தாமே நடத்த, அவருக்குச் சட்ட ஆலோசனை தரப்பட்டது.

குற்றச்சாட்டுகள் இரண்டு: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவின் கீழ் கொலை முயற்சி, 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் உயிருக்கு ஆபத்தான வெடிப்பை ஏற்படுத்தியது. முதல் குற்றச்சாட்டில் செயலைவிட எண்ணமே முக்கியம். இந்தச் செயலால் மரணம் நேர்ந்திருந்தால் அது கொலையாகியிருக்கும் என்னும் அளவுக்கு எண்ணமோ அறிவோ இருந்ததா என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், குண்டு வீசியதை மறுக்கவே இல்லை. குண்டுகள் ஆளில்லாத இடத்தை நோக்கி, யாரையும் கொல்லாத அளவில் வீசப்பட்டன என்பதும், சபையின் காதில் ஒரு கண்டனத்தை விழச்செய்வதே நோக்கம் என்பதும் அவர்கள் தரப்பு. ஜூன் 6 அன்று இருவரின் கூட்டு வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் ஆசஃப் அலி வாசித்தார். புரட்சி என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த பொருளை விளக்கிய அந்த வாக்குமூலம், செய்தித்தாள்களின் வழியாக இந்தியா முழுவதும் பரவியது.

இந்த இடத்தில் ஆசஃப் அலியின் தொழில்நேர்மை சிறப்பாக மதிப்பிடத்தக்கது. அவர் காந்தியின் வழியை ஏற்ற காங்கிரஸ்காரர். எதிரிகளோ ஆயுதப் புரட்சியாளர்கள். தண்டனையைக் குறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், வாக்குமூலத்தின் அரசியல் பகுதிகளை அடக்கி வாசிக்கும்படி எந்த வழக்கறிஞரும் அறிவுறுத்தியிருப்பார்; நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்வதே எதிரிகளின் விருப்பமாக இருக்க, வழக்கறிஞர் அதற்கு இடங்கொடுத்துக்கொண்டே, 307-ஆம் பிரிவின் சட்டக் கேள்வியை விடாமல் பற்றிநின்றார். சொந்தச் சட்டசபை இல்லாத ஊரில், மத்தியச் சட்டசபைக்குள் வீசப்பட்ட குண்டைப் பற்றி, சிறைச்சாலைக்குள் கூடிய நீதிமன்றத்தில், தில்லிக்காரர் ஒருவர் ஆற்ற நேர்ந்த பணி அது. ஜூன் 12 அன்று மிடில்டன் இருவருக்கும் ஆயுட்கால நாடு கடத்தல் தண்டனை, பழைய வழக்கில் தீவாந்தர சிட்சை என்று சொல்லப்பட்டது, விதித்தார். மேல்முறையீடு வழக்கம்போல் லாகூருக்குப் போனது. 1930 ஜனவரியில் நீதிபதிகள் ஃபோர்டும் அடிசனும், பகத்சிங் உண்மையான புரட்சியாளர் என்பதை ஒப்புக்கொண்டபோதிலும், முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். அதற்குள் பகத்சிங்கின் மேல் லாகூர்ச் சதி வழக்கு என்னும் வேறொரு வழக்கு தொடங்கிவிட்டிருந்தது. 1931 மார்ச் 23 அன்று பகத்சிங் தூக்கிலிடப்பட்டது அவ்வழக்கின் தீர்ப்பால்.

குண்டு வழக்குக்கு முந்தைய ஆண்டு, 1928-இல், ஆசஃப் அலி அலகாபாத்தில் அருணா கங்குலியை மணந்திருந்தார். அவருக்கு நாற்பது வயது. மணமகள் இருபது வயதுகூட நிறையாத வங்காளிப் பெண். சமயமும் வயதும் காரணமாக உறவினர் எதிர்த்தும் அத்திருமணம் நடந்தது.

1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டப்படி மத்திய சட்டசபையில் தில்லிக்கு இருந்தது ஒரே ஓர் இடம். நாட்டின் பெரும்பகுதியில் முஸ்லிம்கள் முஸ்லிம் வேட்பாளருக்கும் மற்றவர்கள் மற்றவருக்கும் தனித்தனியே வாக்களிக்கும் தனித்தொகுதி முறை நிலவியபோது, தில்லி எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து வாக்களிக்கும் பொதுத்தொகுதியாக இருந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்பதால் வாக்காளர் தொகை சிறியது. ஆயினும் 1934 தேர்தலில் அத்தொகுதி ஆசஃப் அலியைத் தேர்ந்தெடுத்தது. இரு தேசக் கொள்கை வலுப்பெற்று வந்த ஆண்டுகளில், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பெட்டியில் வாக்களித்து ஒரு முஸ்லிம் காங்கிரஸ்காரரை அனுப்பியது, தனித்தொகுதி இல்லாவிட்டால் சிறுபான்மையினர் வெல்லவே முடியாது என்ற வாதத்துக்குத் தலைநகரே கொடுத்த மறுமொழியாகும். அதே தேர்தலில் சென்னை நகரத்தின் சார்பில் சபைக்கு வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. புலாபாய் தேசாயின் தலைமையில் அமைந்த காங்கிரஸ் அணியில் இருவரும் முன்வரிசைக்காரர்கள். 1945 இறுதியில் நடந்த தேர்தலிலும் வென்ற ஆசஃப் அலி, சரத் சந்திர போசின் தலைமையில் அவ்வணியின் துணைத்தலைவரானார்.

இடைப்பட்ட காலம் சிறையில் கழிந்தது. 1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் பம்பாயில் காங்கிரஸ் செயற்குழுவினர் கைதாகி, ஆசஃப் அலி உட்பட அகமத்நகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டனர். அதே நாள் கோவாலியா குளத் திடலில் கொடியேற்றிவிட்டு அருணா தலைமறைவானார். கோட்டையில் தாம் எழுதிய இந்திய வரலாற்று நூலுக்குத் துணைநின்றவர்களாக ஆசாத், பந்த், நரேந்திர தேவ் ஆகியோரோடு ஆசஃப் அலியையும் நேரு தம் முன்னுரையில் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்.

போர் முடிந்ததும் செங்கோட்டை மீண்டும் நீதிமன்றமானது. இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்ற குற்றச்சாட்டில், 1945 நவம்பர் 5 அன்று இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். காங்கிரஸ் அமைத்த தற்காப்புக் குழுவின் அமைப்பாளர் ஆசஃப் அலி. புலாபாய் தேசாய் முதன்மை வாதத்தை ஏற்றார். தேஜ் பகதூர் சப்ரு, கைலாஸ்நாத் கட்ஜு முதலியோர் உடனிருந்தனர். கால் நூற்றாண்டுக்கு முன் கழற்றிவைத்த பாரிஸ்டர் அங்கியை நேரு மறுபடி அணிந்து வந்தார். பெரும் வழக்கறிஞர்களின் வாதங்கள் வரலாற்றில் நிலைத்தன. சாட்சிகளைத் தேடுவதும் ஆவணங்களைச் சேர்ப்பதும் பல மாகாணத்து வழக்கறிஞர்களை ஒருங்கிணைப்பதும் ஆன அமைப்பாளர் பணி அவ்வளவு பேசப்படவில்லை, ஆனால் அது இல்லாமல் அந்த வாதங்கள் நின்றிருக்கமாட்டா. மலேயாவின் தோட்டங்களிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்த இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் மிகப் பலர் என்பதாலும், எதிரிகளுள் ஒருவரான சாகல் பின்னர் சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் எஸ். சுவாமிநாதனின் மகள் கேப்டன் லட்சுமியை மணந்ததாலும், அவ்வழக்கு தமிழகத்துக்கும் அணுக்கமானது. டிசம்பர் 31 அன்று மூவருக்கும் ஆயுட்கால நாடு கடத்தல் விதிக்கப்பட்டது. மக்கள் எழுச்சிக்குமுன் தளபதி ஆக்கின்லெக் சில நாட்களிலேயே அத்தண்டனையை நீக்கினார். 1858-இல் ஒரு தனி வக்கீலோடு மன்னர் நின்ற கோட்டையில், எண்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் வழக்கறிஞர் குழுவே எழுந்து நின்றது.

1946 செப்டம்பர் 2 அன்று அமைந்த இடைக்கால அரசில் ஆசஃப் அலி ரயில்வே, போக்குவரத்துத் துறைகளை ஏற்றார். அவ்வாண்டு இறுதியில் கூடிய அரசியல் நிர்ணய சபையிலும் தில்லியின் ஒரே உறுப்பினர் அவரே. 1947 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கு இந்தியாவின் முதல் தூதராகச் சென்றதால், அந்த இடம் தேஷ்பந்து குப்தாவுக்குப் போயிற்று. ஆசஃப் அலி போய் இறங்கிய வாஷிங்டன் நகரமும் தில்லியின் நிலையிலேயே இருந்தது: ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்நகர மக்களுக்கு அன்று வாக்கு இல்லை, நகரை ஆண்டவர்கள் நியமனம் பெற்ற மூன்று ஆணையர்கள். 1961-இல் 23-ஆம் திருத்தம் நிறைவேறிய பிறகே அவர்களுக்கு அந்த வாக்கு கிடைத்தது. உலகின் மிகப் பெரிய இரு மக்களாட்சிகளும் தம் தலைநகர மக்களை மட்டும் உரிமையில் ஒரு படி கீழே நிறுத்தியது ஆழ்ந்து ஆராயத்தக்க பொருள்.

தூதர் பதவிக்குப் பின் 1948 முதல் 1952 வரை ஒரிசாவின் ஆளுநராகவும், அடுத்து சுவிட்சர்லாந்தில் இந்தியத் தூதராகவும் இருந்த ஆசஃப் அலி, 1953 ஏப்ரலில் பெர்ன் நகரில் காலமானார். ஷாஜகானாபாத்தின் தெற்கு மதிலை ஒட்டி, பழைய தில்லிக்கும் புதுதில்லிக்கும் எல்லையாக ஓடும் சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது.

தில்லியின் சட்டக் கேள்விகள் அவர் அவ்வூரை விட்டுச் சென்ற பின்னும் நீண்டன. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அரசியலமைப்போடு பொருந்துமா என்பதைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கேட்க, தலைமை நீதிபதி கனியாவும் தமிழரான பதஞ்சலி சாஸ்திரியும் உள்ளிட்ட ஏழு நீதிபதிகள் 1951 மே மாதத்தில் தம் கருத்தைத் தெரிவித்தனர். பெரும்பான்மையினர் அந்தப் பிரிவைச் செல்லுமென ஏற்றாலும், சட்டமன்றம் தன் அதிகாரத்தை எந்த அளவுக்கு அரசிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் அடிப்படை விடை அந்தத் தில்லி வழக்கில்தான் பிறந்தது. 1952-இல் தில்லிக்கு நாற்பத்தெட்டு உறுப்பினர் சட்டமன்றம் கிடைத்தது. 1956-இல் அது பறிக்கப்பட்டது. 1958-இல் மாநகராட்சி ஏற்பட்டபோது முதல் மேயரானவர் அருணா ஆசஃப் அலி. 1991-இன் 69-ஆம் திருத்தத்தின்படி சட்டமன்றம் திரும்பியது 1993-இல். தில்லிக்கெனத் தனி உயர்நீதிமன்றம் 1966 அக்டோபர் 31 அன்று தொடங்கியது. அதன் மன்றத்தில் ஒரு நாளும் வாதாடாமலேயே, தில்லியின் முதன்மையான வழக்கறிஞராக ஆசஃப் அலி வாழ்ந்து முடிந்திருந்தார்.